குடும்ப டிரஸ்ட்டில் இருக்கும் சொத்தை விவாகரத்தில் பிரிப்பது எப்படி: ஆஸ்திரேலியத் தமிழர்களுக்குப் படிப்படியாக

ஆஸ்திரேலியாவில் வீடோ கடையோ குடும்ப டிரஸ்ட் (பயனாளிகளான குடும்பத்தாருக்காக டிரஸ்டி என்பவர் சொத்தை வைத்து நிர்வகிக்கும் ஏற்பாடு) பெயரில் இருக்க, கணவன் மனைவி பிரியும்போது முதலில் காதில் விழுவது “அது டிரஸ்ட் சொத்து, உனக்கும் எனக்கும் சொந்தமில்லை” என்ற பேச்சுதான். இதைக் கேட்டே பலர் தமக்குரிய பங்கைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர், டிரஸ்ட்டில் இருப்பதெல்லாம் அப்படியே பாதியாக வந்துவிடும் என்று நம்பி, வரியையும் கடனையும் கணக்கில் எடுக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். இரண்டுமே தவறு. டிரஸ்ட்டில் பெயர் யாருடையது என்பதைவிட, பணத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. அந்த வரிசையிலேயே போவோம்: முதலில் பத்திரம், பிறகு கணக்கு, பிறகு வரி. சதவீதப் பேச்சு கடைசியில்.

1. நாட்காட்டியைப் பாருங்கள்

விவாகரத்து வேறு, சொத்துப் பிரிவினை வேறு. விவாகரத்து ஆணை கிடைத்ததும் சொத்து தானாகப் பிரிந்துவிடாது. விவாகரத்துக்கு 12 மாதம் பிரிந்திருக்க வேண்டும். சொத்துப் பிரிவினைக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது, பிரிந்த மறுநாளே தொடங்கலாம்.

நீதிமன்றம் விவாகரத்து வழங்கினால் அது பொதுவாக ஒரு மாதமும் ஒரு நாளும் கழித்தே நடைமுறைக்கு வரும். அந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் சொத்து மனுவைத் தாக்கல் செய்துவிட வேண்டும். பதிவுத் திருமணம் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குப் பிரிந்த நாளிலிருந்து 2 ஆண்டு. கெடு தாண்டினால் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டியிருக்கும், அது எளிதில் கிடைப்பதில்லை. “பேசிக்கொண்டிருக்கிறோம்” என்பதால் கெடு நீளாது.

டிரஸ்ட் உள்ளவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. சில பத்திரங்களில் நீங்கள் பெயர் சொல்லிப் பயனாளியாக இருக்க மாட்டீர்கள், ‘முதன்மைப் பயனாளியின் வாழ்க்கைத்துணை’ என்ற வகையில்தான் உள்ளே இருப்பீர்கள். விவாகரத்து நடைமுறைக்கு வந்ததும் அந்தத் தகுதி போய்விடலாம். பத்திரத்தை வழக்கறிஞர் படித்து முடிக்கும் முன் விவாகரத்து மனுவுக்கு அவசரப்படாதீர்கள்.

2. டிரஸ்ட் பத்திரத்தைக் கையில் வாங்குங்கள்

டிரஸ்ட் டீட் எனப்படும் மூலப் பத்திரம் மட்டும் போதாது. அதன்பின் செய்த ஒவ்வொரு திருத்தப் பத்திரமும் வேண்டும். பத்து ஆண்டுக்கு முன் நீங்களே கையெழுத்திட்ட ஒரு திருத்தத்தில் உங்கள் அதிகாரம் போயிருக்கலாம். அக்கவுண்டன்ட், டிரஸ்ட்டை அமைத்த வழக்கறிஞர், டிரஸ்ட்டுக்குக் கடன் கொடுத்த வங்கி, இந்த மூன்று இடங்களிலும் பிரதி இருக்க வாய்ப்புண்டு.

பத்திரத்தில் தேட வேண்டியவை:

அப்பாயின்டர். டிரஸ்டியை நீக்கிப் புதியவரை நியமிக்கும் அதிகாரம் இவருடையது. டிரஸ்ட்டின் சாவி இவர் கையில்தான் இருக்கிறது. ஒருவரா, இருவரா, இருவர் என்றால் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டுமா, ஒருவர் இறந்தால் யாருக்குப் போகும் என்று பாருங்கள். டிரஸ்ட் சொத்து உயில் வழியாகப் போவதில்லை. அப்பாயின்டர் பதவிதான் கைமாறும். வழக்கு நடக்கும்போது ஒருவர் இறந்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஒரு வரியே தீர்மானிக்கும்.

டிரஸ்டி. பெரும்பாலும் ஒரு கம்பெனியாக இருக்கும். கம்பெனிகளைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான ஆசிக்கின் (ASIC) இணையதளத்தில் கம்பெனி எக்ஸ்ட்ராக்ட், அதாவது பதிவு விவர நகல், எடுத்து இயக்குநர் யார், பங்கு யாரிடம் என்று பாருங்கள். சிறு கட்டணம்தான், அன்றே கிடைத்துவிடும்.

பயனாளிகள், விலக்கப்பட்டவர்கள், பத்திரத்தைத் திருத்தும் அதிகாரம், டிரஸ்ட் முடிவுக்கு வரும் நாள். செட்லர் என்று யாரோ ஒருவர் 10 டாலர் கொடுத்துத் தொடங்கி வைத்ததாக இருக்கும். அவரைப் பற்றிப் பொதுவாகக் கவலைப்பட வேண்டாம்.

3. சொத்தா, வருவாய்ப் பின்புலமா

குடும்ப நீதிமன்றம் ஒரு டிரஸ்ட்டை இரண்டில் ஒரு கண்ணோடு பார்க்கும். தம்பதியில் ஒருவரோ இருவருமோ முழுக் கட்டுப்பாட்டில் வைத்திருந்து, தாங்களே பயனாளியாகவும் இருந்தால், டிரஸ்ட் சொத்தைத் தம்பதியின் சொத்தாகவே எண்ணிப் பங்கீட்டில் சேர்க்கலாம். ஆஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றமான ஹை கோர்ட் 2008-ல் கென்னன் – ஸ்ப்ரை வழக்கில் இதை உறுதியாக்கியது. கணவர் தன்னைப் பயனாளி நிலையிலிருந்து விலக்கிக்கொண்டு, பிறகு பிள்ளைகளுக்கான டிரஸ்ட்டுகளுக்குச் சொத்தை மாற்றியும் அது எடுபடவில்லை.

இன்னொரு வகை: உங்கள் மாமனார் அமைத்த டிரஸ்ட், அவரே அப்பாயின்டர், உங்கள் கணவர் பல பயனாளிகளில் ஒருவர். இது பொதுவாகப் பங்கீட்டில் வராது. ‘ஃபைனான்ஷியல் ரிசோர்ஸ்’, அதாவது எதிர்காலத்தில் கைகொடுக்கக்கூடிய பின்புலம் என்று மட்டும் கருதப்படும். அதனால் மற்ற சொத்தில் உங்கள் பங்கு சற்றுக் கூடலாம். ஆனால் மாமனார் பெயருக்கு மட்டும் அப்பாயின்டர், முடிவெல்லாம் எடுப்பவர் கணவர் என்றால் நிலைமை மாறும். அதை நிரூபிக்க வாய்ப்பேச்சு போதாது: வங்கிக் கணக்கை யார் இயக்கினார், அக்கவுண்டன்ட்டுக்கு யார் உத்தரவு கொடுத்தார், பணம் யாருக்குப் போனது என்ற காகிதங்கள் வேண்டும்.

4. கேட்க வேண்டிய ஆவணங்கள்

எல்லா நிதி விவரத்தையும் முழுமையாக வெளிப்படுத்த வேண்டியது இரு தரப்பின் கடமை. 2025 ஜூன் 10 முதல் இந்தக் கடமை குடும்பச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. மனு போடும் முன்பேயும் இது பொருந்தும். “டிரஸ்ட் ஆவணம் கம்பெனியுடையது, தர முடியாது” என்ற பதில் அந்தக் கம்பெனியைக் கட்டுப்படுத்துபவர் வாயிலிருந்து வந்தால் செல்லாது.

எழுத்தில், இப்படிப் பெயர் சொல்லிக் கேளுங்கள்:

– டிரஸ்ட் பத்திரமும் எல்லாத் திருத்தங்களும்
– கடைசி 3 நிதியாண்டுகளின் நிதி அறிக்கைகள், டிரஸ்ட் வரிக் கணக்குகள்
– பயனாளிகளுக்குப் பணம் ஒதுக்கிய டிரஸ்டி தீர்மானங்கள், ஆண்டுவாரியாக
– பயனாளி லோன் கணக்குகளின் முழு லெட்ஜர்
– கடைசி 12 மாத வங்கி அறிக்கைகள், பாஸ் (BAS) எனப்படும் வியாபார வரி அறிக்கைப் படிவங்கள்
– கடன் ஒப்பந்தங்கள், தனிநபர் உத்தரவாதங்கள்
– ஃபேமிலி டிரஸ்ட் எலக்‌ஷன் (டிரஸ்ட் எந்தக் குடும்பத்துக்குரியது என்று வரிக்காகச் செய்யும் அறிவிப்பு) செய்திருந்தால் அதன் பிரதி

மூன்று ஆண்டு என்பது தொடக்கம்தான். லோன் கணக்கு லெட்ஜரை மட்டும் முதல் ஆண்டிலிருந்தே கேளுங்கள். காரணம் அடுத்த படியில்.

5. லோன் கணக்குகளைப் பிரித்துக் கூட்டுங்கள்

அதிகப் பணம் கை நழுவும் இடம் இதுதான். ஒவ்வொரு ஆண்டும் டிரஸ்ட் வருமானத்தை அக்கவுண்டன்ட் காகிதத்தில் பிரிப்பார்: கணவருக்கு இவ்வளவு, மனைவிக்கு இவ்வளவு, கல்லூரியில் படிக்கும் மகளுக்கு இவ்வளவு. பணம் உண்மையில் கைக்குப் போகாது. போகாத தொகையை டிரஸ்ட் அவர்களுக்குத் தர வேண்டிய பாக்கியாக எழுதுவார்கள். மறுபுறம், டிரஸ்ட்டிலிருந்து அதிகம் எடுத்தவர் டிரஸ்ட்டுக்குக் கடன்காரராக எழுதப்படுவார். ஆண்டுக்கணக்கில் இது குவியும்.

ஒரு கற்பனைக் கணக்கு. டிரஸ்ட்டில் ஒரு வாடகை வீடு, இன்றைய மதிப்பு 11,00,000 டாலர். வங்கிக் கடன் 4,00,000. டிரஸ்ட் கணவருக்குத் தர வேண்டியது 90,000. மனைவி டிரஸ்ட்டுக்குத் தர வேண்டியது 60,000. மகளுக்கு ஒதுக்கித் தராமல் இருப்பது 45,000.

டிரஸ்ட்டின் பக்கம் வீடு 11,00,000, மனைவியிடம் வரவேண்டியது 60,000, ஆக 11,60,000. கொடுக்க வேண்டியது 4,00,000 + 90,000 + 45,000 = 5,35,000. நிகர மதிப்பு 6,25,000. இதோடு தம்பதியின் பட்டியலில் கணவரின் வரவு 90,000 சேரும், மனைவியின் கடன் 60,000 கழியும். மொத்தம் 6,55,000.

இதில் மூன்று பிழைகள் அடிக்கடி நடக்கும். வீட்டு மதிப்பில் வங்கிக் கடனை மட்டும் கழித்து 7,00,000 என்று எழுதி, அதன்மேல் கணவரின் 90,000-ஐயும் சேர்ப்பது முதல் பிழை. ஒரே பணம் இரண்டு முறை எண்ணப்படுகிறது. மகளின் 45,000-ஐ மறப்பது இரண்டாவது; காகிதத்தில் டிரஸ்ட் அவருக்கு உண்மையாகவே கடன்பட்டிருக்கிறது, பின்னாளில் அவர் கேட்டால் கொடுத்தாக வேண்டும். மூன்றாவதுதான் கொடியது: பங்கீடு முடிந்த பிறகும் மனைவியின் 60,000 கடன் புத்தகத்தில் அப்படியே கிடப்பது. டிரஸ்ட் கணவர் கைக்குப் போய்விட்டால், அவரால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியும். ஆணையில் இதை வெளிப்படையாக எழுதித் தீர்க்க வேண்டும்.

லெட்ஜரை வரிவரியாகப் பாருங்கள். ‘டிராயிங்ஸ்’ (எடுத்த பணம்) என்று உங்கள் பெயரில் எழுதியிருப்பது உண்மையில் குடும்பத்தின் மளிகையும் பள்ளிக் கட்டணமுமாக இருக்கலாம். பிரிந்த தேதிக்குப் பிறகு திடீரென்று வந்த ‘ஜர்னல் என்ட்ரி’ (பணம் கைமாறாமல் கணக்கில் மட்டும் எழுதும் பதிவு) எதையும் விளக்கம் கேட்காமல் ஏற்காதீர்கள்.

6. ஜூன் 30-ஐக் கவனியுங்கள்

டிரஸ்ட் வருமானத்தை யாருக்கு ஒதுக்குவது என்று டிரஸ்டி ஒவ்வொரு நிதியாண்டு முடிவுக்குள், அதாவது ஜூன் 30-க்குள், தீர்மானிக்க வேண்டும். பிரிந்த ஆண்டில் ஒரு பொறி இருக்கிறது. வழக்கம்போல உங்கள் பெயருக்கு 80,000 டாலர் ஒதுக்கிவிடுவார்கள். ஒரு காசு கைக்கு வராது, வரி நோட்டீஸ் மட்டும் உங்கள் வீட்டுக்கு வரும். குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகைக் கணக்கும் அந்த வருமானத்தால் குலையும்.

“எனக்கு வேண்டாம்” என்று பிறகு மறுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 2022-ல் கார்ட்டர் வழக்கில் ஹை கோர்ட் சொன்னது: நிதியாண்டு முடிந்தபின் செய்யும் மறுப்பு அந்த ஆண்டின் வரிப்பொறுப்பை நீக்காது. ஆகவே மே மாதத்திலேயே வழக்கறிஞர் வழியாகக் கடிதம் அனுப்புங்கள்: என் எழுத்துபூர்வ சம்மதமின்றி என் பெயருக்கு ஒதுக்கக் கூடாது, ஒதுக்கினால் அதற்கான வரியை டிரஸ்ட் கட்ட வேண்டும்.

7. சொத்து கைமாறாமல் தடுப்பது

வீட்டுப் பத்திரத்தின்மேல் கேவியட் (உரிமை கோரி நிலப் பதிவில் போடும் தடைக் குறிப்பு) போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். டிஸ்கிரிஷனரி டிரஸ்ட்டின், அதாவது யாருக்கு எவ்வளவு என்று டிரஸ்டியே முடிவெடுக்கும் டிரஸ்ட்டின், பயனாளி என்ற காரணம் மட்டும் அதற்குப் போதாது. டிரஸ்ட்டின் நிலத்தில் உங்களுக்கென்று குறிப்பிட்ட உரிமை கிடையாது. தகுந்த காரணமின்றிக் கேவியட் போட்டால் நட்டஈடு கட்ட நேரலாம். சரியான வழி, விற்கவோ அடமானம் வைக்கவோ அப்பாயின்டரை மாற்றவோ மாட்டேன் என்ற எழுத்துபூர்வ உறுதிமொழியைக் கேட்பது. தராவிட்டால் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை. ஏற்கெனவே மாற்றிவிட்டிருந்தால், உரிமையைக் குலைக்கும் நோக்கிலோ விளைவிலோ நடந்த பரிமாற்றத்தை ரத்து செய்யக் குடும்பச் சட்டத்தின் 106பி பிரிவு இருக்கிறது.

8. மதிப்பீடு

நிதி அறிக்கையில் வீட்டின் விலை பெரும்பாலும் வாங்கிய விலையாகவே இருக்கும். அதை வைத்துப் பேசாதீர்கள். இரு தரப்பும் சேர்ந்து ஒரே மதிப்பீட்டாளரை நியமித்துச் செலவைப் பகிர்வது வழக்கம். வீட்டுக்குச் சில நூறு முதல் ஆயிரம் டாலர் வரை ஆகலாம். டிரஸ்ட்டுக்குள் வியாபாரம் ஓடினால் தணிக்கை அனுபவமுள்ள மதிப்பீட்டாளருக்குப் பல ஆயிரம் டாலரும் சில மாதங்களும் போகும்.

9. எந்த வழியில் பிரிப்பது: வரியைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுங்கள்

பொதுவாக ஒருவர் டிரஸ்ட்டை வைத்துக்கொள்வார், மற்றவர் வேறு சொத்தோ பணமோ பெற்று வெளியேறுவார். டிரஸ்ட்டிலிருந்து சொத்தையே எடுப்பதென்றால் கீழுள்ளவை முக்கியம்.

நீதிமன்ற ஆணையின் பேரிலோ, முறைப்படியான பைண்டிங் ஃபைனான்ஷியல் அக்ரிமென்ட்டின் (இருவரும் தனித்தனி வழக்கறிஞர் ஆலோசனை பெற்றுக் கையெழுத்திடும் சொத்து ஒப்பந்தம்) பேரிலோ, டிரஸ்ட் ஒரு வீட்டை உங்கள் சொந்தப் பெயருக்கு மாற்றினால் மூலதன ஆதாய வரி அப்போது விழாது, ரோல்ஓவர் கிடைக்கும். வாய்மொழி உடன்பாட்டுக்கோ, நீங்களே எழுதிக்கொண்ட ஒப்பந்தத்துக்கோ அது கிடையாது. உங்கள் புது டிரஸ்ட்டுக்கோ கம்பெனிக்கோ மாற்றினாலும் கிடையாது. பெறுபவர் தனிநபராக இருக்க வேண்டும்.

ரோல்ஓவர் என்பது வரித் தள்ளுபடி இல்லை, தள்ளிவைப்பு. மேலே சொன்ன வீட்டை டிரஸ்ட் 5,00,000-க்கு வாங்கியிருந்தால், அந்த 5,00,000 விலையும் உங்களுக்கு வந்து சேரும். பின்னாளில் 11,00,000-க்கு விற்றால் 6,00,000 ஆதாயம் உங்கள் தலையில். 50 சதவீதச் சலுகை போக 3,00,000-க்கு, உச்ச விகிதமான 47 சதவீதத்தில், 1,41,000 டாலர் வரி. கையில் பணமாக 7,00,000 பெறுபவரும் இந்த வீட்டைப் பெறுபவரும் சமம் இல்லை என்பது இப்போது புரியும். விற்பது நிச்சயம் அல்லது விரைவில் நடக்கக்கூடியது என்றால் இந்த வரியைக் கழித்துக் கணக்கிட நீதிமன்றத்தைக் கேட்கலாம். எப்போதாவது விற்பேன் என்றால் முழுமையாகக் கழிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

குடும்பமே குடியிருந்த வீடு டிரஸ்ட் பெயரில் இருந்தால் இன்னொரு அடி. டிரஸ்ட் வைத்திருந்த காலத்துக்குக் குடியிருப்பு வீட்டு விலக்கு கிடையாது. உங்கள் பெயருக்கு வந்து நீங்கள் குடியிருக்கும் நாட்களுக்கு மட்டும் பகுதி விலக்கு.

முத்திரைத் தீர்வை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பிரிவினையில் கைமாறும் சொத்துக்கு விலக்கு பொதுவாக உண்டு, ஆனால் டிரஸ்ட் சொத்துக்கும் அது பொருந்துமா என்பதை உங்கள் மாநிலச் சட்டப்படி தனியே உறுதிசெய்யுங்கள்.

டிரஸ்ட்டோடு ஒரு ‘பக்கெட் கம்பெனி’ (டிரஸ்ட் வருமானத்தை ஒதுக்கி வைக்க அமைத்த, பயனாளியான கம்பெனி) இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். கம்பெனியிலிருந்து பங்குதாரருக்கோ அவரது துணைக்கோ பணம் போனால், நீதிமன்ற ஆணைப்படி போனாலும், வரித்துறை அதை டிவிடெண்டாகவே பார்க்கும். 2014-ல் வெளியிட்ட வரி விளக்க அறிக்கையில் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பணமாக எடுப்பதில் வரிக்குச் சிறந்த வழி, உங்களுக்கு வரவேண்டிய லோன் பாக்கியைத் திருப்பிப் பெறுவது. அது வருமானமே இல்லை.

கையெழுத்துக்கு முன் டிரஸ்ட்டின் அக்கவுண்டன்ட்டைச் சாராத இன்னொரு வரி ஆலோசகரிடம் வரைவைக் காட்டுங்கள். டிரஸ்ட் யாரிடம் தங்குகிறதோ அவரே அந்த அக்கவுண்டன்ட்டின் வாடிக்கையாளராகத் தொடர்வார் என்பதை மறக்க வேண்டாம்.

10. ஆணையில் என்னென்ன எழுத வேண்டும்

உடன்பாடு வந்தால் அதையே நீதிமன்ற ஆணையாக்கும் கன்சென்ட் ஆர்டர் விண்ணப்பம் போடலாம். யாரும் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியதில்லை. கட்டணம் சுமார் 200 டாலர், ஜூலை 1 தோறும் மாறும். மேற்கு ஆஸ்திரேலியாவில் தனிக் குடும்ப நீதிமன்றம்; மற்ற இடங்களில் ஃபெடரல் சர்க்யூட் அண்ட் ஃபேமிலி கோர்ட். உடன்பாடு இல்லாமல் வழக்கானால் ஓராண்டைத் தாண்டுவது சகஜம்.

டிரஸ்டி கம்பெனியைக் கட்டுப்படுத்தும் ஆணை வேண்டுமானால் அந்தக் கம்பெனியையும் தரப்பாகச் சேர்க்க வேண்டும். இதை விட்டால் ஆணை கணவனையும் மனைவியையும் மட்டுமே கட்டும்.

வெளியேறுபவருக்கு: இயக்குநர் பதவி விலகல், பங்கு மாற்றம், அப்பாயின்டர் பதவி துறப்பு, லோன் கணக்குத் தீர்வு, வங்கி உத்தரவாதத்திலிருந்து விடுதலை, பழைய ஆண்டுகளுக்கு வரித்துறை பிறகு கேட்டால் டிரஸ்ட்டை வைத்திருப்பவரே கட்டுவார் என்ற உறுதி. கடைசியாகச் சொன்னதை அலட்சியப்படுத்த வேண்டாம். டிரஸ்ட் வருமானம் பெற்றவரின் பழைய கணக்கை வரித்துறை பொதுவாக 4 ஆண்டு வரை திறக்கலாம். ஒருவர் பெயரில் வருமானத்தை ஒதுக்கிப் பலனை வேறொருவர் அடையும் ஏற்பாடுகளுக்கான வருமான வரிச் சட்டத்தின் 100ஏ பிரிவின் கீழ் என்றால் காலக்கெடுவே இல்லை.

உத்தரவாத விடுதலைக்குக் கெடு போடுங்கள். “வங்கியிடம் கேட்கிறேன்” என்று எழுதினால் அது நடக்காது. இத்தனை நாளுக்குள் மறுகடன் வாங்கி விடுவிக்க வேண்டும், இல்லையேல் வீட்டை விற்க வேண்டும் என்று எழுதினால்தான் நடக்கும். பதவியை விட்ட பிறகும் உத்தரவாதம் நின்றால், உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத கடனுக்கு நீங்கள் பொறுப்பு.

11. ஆணை வந்த வாரமே செய்ய வேண்டியவை

இயக்குநர் மாற்றத்தை 28 நாளுக்குள் ஆசிக்கிடம் தெரிவிக்க வேண்டும். கம்பெனி செய்யும் என்று விடாமல் புது எக்ஸ்ட்ராக்ட் எடுத்து உங்கள் பெயர் போனதா என்று பாருங்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்து அதிகாரத்தை நீக்குங்கள். வரித்துறையிலும் வணிக எண் பதிவிலும் உங்கள் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். உத்தரவாதம் விடுவிக்கப்பட்டதற்கு வங்கியின் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள், தொலைபேசிப் பதில் போதாது.

டிரஸ்ட் ஃபேமிலி டிரஸ்ட் எலக்‌ஷன் செய்திருந்தால், முன்னாள் துணைக்கு நேராகத் தரும் பணம் பொதுவாகக் குடும்பக் குழுவுக்குள்ளேயே அடங்கும். ஆனால் அவர் புதிதாகத் தொடங்கிய கம்பெனிக்கோ டிரஸ்ட்டுக்கோ தவணையை அனுப்பினால் அது குழுவுக்கு வெளியே போன பணமாகி, 47 சதவீத வரி விழலாம். தவணையாகப் பணம் பெறுபவர் சொந்த வங்கிக் கணக்கையே கொடுங்கள்.

உங்கள் உயிலையும், உங்கள் பெயரில் வேறு டிரஸ்ட் இருந்தால் அதில் அடுத்த அப்பாயின்டராக எழுதியிருக்கும் பெயரையும் அதே வாரம் மாற்றுங்கள். பழைய துணையின் பெயர் அங்கே பெரும்பாலும் அப்படியே இருக்கும்.